அன்னக்கூடையும் கம்பிக் கட்டும்

2014 ஜூன். கோடை விடுமுறை முடிந்து உயர் நீதிமன்றம் திறந்த வாரம். தம்புச் செட்டித் தெருவில் அப்போது என் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. படியேறி மூச்சு வாங்க வந்து நின்றவருக்கு அறுபதை ஒட்டிய வயது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து இரண்டு புகைப்படங்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

முதல் படத்தில் ராயபுரத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் பக்கச் சுவர். தரையிலிருந்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஒரு மீன்கார அம்மா. தலையில் அன்னக்கூடை, அதைத் தாங்கிய ஒரு கை, இடுப்பில் செருகிய முந்தானை. நெற்றிச் சுருக்கத்தில் நீலமும் பச்சையும் கலந்த நிழல், கன்னத்தில் ரோஜா நிறம். சினிமா பேனர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எந்தப் பட்டறையில் பழகிய கை என்று சொல்லத் தேவையில்லை. கூடை வழிய மீன்.

இரண்டாவது படமும் அதே சுவர்தான். அதே முகம், அதே கை. ஆனால் கூடை இல்லை. கூடை இருந்த இடத்தில் ஒரு கட்டு இரும்புக் கம்பி. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் வெள்ளையடித்து மறைத்து, அதன்மேல் சிவப்பில் ஒரு கம்பி நிறுவனத்தின் பெயர். வலது மூலையில் ஓவியரின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு தொலைபேசி எண். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே ஏழு வாரம்.

"அழிச்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன், வக்கீலம்மா," என்றார். "வரையறதும் அழிக்கிறதும் எங்களுக்கு ஒரே வேலைதான். வெள்ளிக்கிழமை புதுப்படம்னா பழைய பேனர் துணியத் தொவச்சு, வெள்ளையடிச்சு, அதுமேலயே அடுத்த ஹீரோவ வரைவோம். நான் வரைஞ்சதுல ஒண்ணுகூட இன்னிக்கு இல்ல. அதுக்கு நான் அழுததில்ல. இது வேற."

'இது வேற' என்று அவர் சொன்னதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் காட்ட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பதினாறு வயதில் ஒரு பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். முதலில் பிரஷ் கழுவுவது, பிறகு நூல் அடித்துக் கட்டம் போடுவது, பிறகு உடுப்பு வரைவது. முகத்தில் கை வைக்க விட ஒன்பது வருடம் ஆனதாம். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. நான்கு பேர் ஒரு வாரம் செய்த வேலையை ஒரு இயந்திரம் ஒரு மணி நேரத்தில் துப்பியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிகளைத் தடுத்து, அந்தச் சுவர்களில் ஓவியம் வரைய ஏற்பாடு செய்தபோது பேனர்காரர்கள் பலருக்குக் கொஞ்ச காலம் பிரஷ் திரும்பக் கையில் வந்தது. இவரும் அதில் வேலை பார்த்தார். அது முடிந்ததும் கடை போர்டு, ஆட்டோவின் பின்பக்கம், கோயில் திருவிழாவுக்கு ஒரு வளைவு.

ராயபுரத்துச் சுவர் வேலையைக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பகுதிக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர். சுவரோரம் குப்பையும் மூத்திர நாற்றமும் தாங்காமல் பணம் வசூலித்து, பெயின்ட்டும் சாரக் கம்பும் வாங்கிக் கொடுத்து, ஆறு நாள் கூலியாக அவருக்கு 9,000 ரூபாய் கொடுத்தார்கள். கட்டிடத்துக்காரர் கீழ்த்தளத்தில் வலையும் கயிறும் விற்கும் பெரியவர். வாய்வார்த்தையாகச் சரி என்றார். சாரம் கட்டிய நாளில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தாளில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று அவரை அனுப்பிவிட்டு இது நிற்காது என்றுதான் நினைத்தேன். சுவர் கட்டிடத்துக்காரருடையது. அவர் வருட வாடகைக்குச் சுவரை விளம்பரத்துக்கு விட்டிருக்கிறார். சொத்துரிமை தெரிந்த எந்த வக்கீலும் அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் அந்தக் கம்பிக் கட்டு கண்ணைவிட்டுப் போகவில்லை. இரவு 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 57-வது பிரிவைத் திரும்பப் படித்தேன். படைப்பாளி தன் பதிப்புரிமையை விற்றிருந்தாலும், அது ஆரம்பத்திலிருந்தே வேறொருவருடையதாக இருந்தாலும், இரண்டு உரிமைகள் அவரிடமே நிற்கும். இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்வது ஒன்று. தன் மானத்துக்கோ மதிப்புக்கோ கெடுதல் வரும்படி அதைத் திரித்தால், சிதைத்தால், மாற்றினால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் முடிவது இன்னொன்று.

இந்தப் பிரிவுக்கு இந்தியாவில் உயிர் கொடுத்த வழக்கும் சுவரைப் பற்றியதுதான். டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் கோரிக்கையில் ஒரு பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்தார். 1979-ல் கட்டிடத்தைப் புதுப்பிக்கும்போது அதைக் கழற்றி, கிடங்கில் போட்டுவிட்டார்கள். 1992-ல் அவர் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதீப் நந்த்ரஜோக், எஞ்சியிருந்ததைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டார். காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே அதைச் சீரழிக்க உரிமை இல்லை என்றான பிறகு, வாடகை கொடுத்த ஒரு கம்பி நிறுவனத்துக்கு எப்படி இருக்கும்? மறுநாள் காலையில் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்னேன்.

ஒரு சிக்கலை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். 1994-ல் இந்தப் பிரிவைத் திருத்தியபோது, படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விடுவதும், படைப்பாளிக்குத் திருப்தி வரும்படி வைக்காததும் மீறல் ஆகாது என்று ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சுவரில் உங்கள் ஓவியம் இருந்தே ஆகவேண்டும் என்று நாம் கேட்க முடியாது அண்ணே, என்றேன். முழுதாக அழிப்பது சிதைப்பின் உச்சம் என்ற அளவுக்குச் சேகல் தீர்ப்பு போயிருக்கிறது. ஆனால் எல்லா நீதிபதிகளும் அப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னேன். (நான் பயந்தது பின்னால் நடந்தது. டெல்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டிடத்தை 2017-ல் இடித்ததற்கு எதிராக அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் போட்ட வழக்கை 2019-ல் அதே உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.) அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தே ஆகணும்னு நான் கேக்கலியே," என்றார்.

அந்த அம்மாவைப் பார்க்க நான் காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து, வெயில் ஏறியிருந்த நேரம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுவரில் இருந்தது வெறும் ஜாடை இல்லை, அவரேதான்.

"நீதான் அந்த வக்கீலாம்மா? ஒக்காரு கண்ணு," என்று பக்கத்தில் இருந்த கவிழ்த்த டப்பாவைக் காட்டினார்.

ஓவியர் தன்னை வரையலாமா என்று வந்து கேட்டதும், தான் மூன்று நாள் ஏலம் முடிந்து அரைமணி நேரம் உட்கார்ந்து கொடுத்ததும் அவர் வாயாலேயே வந்தது. பென்சிலில் போட்ட முதல் படத்தில் கூடையில் பெரிய பெரிய வஞ்சிரம் இருந்திருக்கிறது. "நான் என்னிக்குப்பா வஞ்சிரம் வித்தேன்? காரப்பொடியும் நெத்திலியும் வித்துத்தான் மூணு பசங்கள ஆளாக்குனேன். அத்தப் போடு, கூட நெறயாப் போடு," என்று சொல்லி மாற்ற வைத்தாராம். ஓவியரும் பெரிய மீன் ஐந்தாறு போட்டு முடிக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கான காரப்பொடிகளை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். ஆறு நாள் வேலையில் இரண்டு நாள் அந்தக் கூடைக்கே போனது என்று பிறகு சொன்னார்.

விளம்பரம் வந்த பிறகு அந்த அம்மாவுக்கு நடந்ததைக் கேட்டபோதுதான் இந்த வழக்கில் வாதி ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்று புரிந்தது. கம்பெனி அவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டதாகச் சந்தையில் பேச்சு. சீட்டுப் பிடிக்கும் பெண்கள், வாங்கின பணத்தை மறைக்கிறாய் என்று முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகன் பங்கு கேட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறான். இதற்கு மேல், அந்தச் சுவரையே படமெடுத்து நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்குத் துண்டுப் பிரசுரம் அச்சடித்திருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பிரதியை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். மீன் வாசத்தோடு அது எங்கள் தரப்பு ஆவணங்களில் ஒன்றானது.

அவருடைய உரிமைக்கு வேறு சட்டம் தேட வேண்டியிருந்தது. அது நம் ஊரிலிருந்தே கிடைத்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய ஆர். ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை விளக்கும்போது, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதையும் மீறலுக்கு உதாரணமாகச் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. காசிமேட்டு மீன்கார அம்மா ஒருவருக்காக அதை எடுத்து வாசிப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நோட்டீஸ் கனமாக வந்தது. ஓவியர் கூலிக்கு வரைந்தவர், ஆகவே உரிமையாளர் அல்ல. கட்டிடத்துக்காரரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாததால், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ம் வருடத் தமிழ்நாடு சட்டத்தின்கீழ் அவர்மேலேயே புகார் கொடுக்க வேண்டிவரும். பொது இடத்தில் இருக்கும் கலைப் படைப்பைப் படமெடுக்க யாருக்கும் தடையில்லை. கடைசியாக ஒரு வரி: சுவர் விளம்பரம் எழுதிப் பிழைக்கும் ஒருவருக்குக் கெடுவதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? இதைவிடக் கண்ணியமான சொற்களில்தான் எழுதியிருந்தார்கள், பொருள் இதுதான். அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டும்போது என் குரல் தடுமாறியது.

வழக்கை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் போட்டோம். அங்கேதான் நான் எதிர்பார்க்காத இடத்தில் முட்டிக்கொண்டேன். சிதைவை நிரூபிக்க வேண்டுமானால் சிதைவு சுவரில் அப்படியே இருக்க வேண்டும். நோட்டீஸ் கைக்குப் போன ராத்திரியே அவர்கள் முழுச் சுவரையும் வெள்ளையடித்துவிட்டால், எங்களிடம் மிஞ்சுவது இரண்டு புகைப்படம்தான். ஆகவே இருக்கும் நிலை மாறக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்டு மனு எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று கேட்கிறோமோ, அது எடுக்கப்படக் கூடாது என்று நானே கேட்கிறேன். அந்த அம்மா தினமும் காலையில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வியாபாரத்துக்குப் போகிறார்.

"எத்தினி நாளைக்கும்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. சிவில் வழக்கில் சாட்சி விசாரணை வர எத்தனை வருடம் ஆகும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அதனால் மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அட்வகேட் கமிஷனர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நிலத் தகராறுகளில் அளந்து பார்க்க அனுப்புவார்கள். சுவரைப் பார்த்து, அளந்து, படமெடுத்து அறிக்கை தர ஒரு கமிஷனரை உடனே அனுப்ப வேண்டும், அறிக்கை வரும்வரை மட்டும் இருக்கும் நிலை தொடர வேண்டும், அறிக்கை வந்ததும் சுவரை மூடிவிட உத்தரவு வேண்டும் என்று கேட்டேன். நீதிபதி படங்களை வெகுநேரம் பார்த்தார். கமிஷனராக ஓர் இளம் பெண் வழக்கறிஞரை நியமித்து, ஒரு வாரத்தில் அறிக்கை கேட்டார். கமிஷனருக்கான கட்டணத்தை மாணவர்கள் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுவருக்கு முன்னால் தெருவே கூடிவிட்டது. எதிர்தரப்பின் ஜூனியர் வக்கீல் ஒருவர், கட்டிடத்துக்காரர், மாணவர்கள், ஓவியர். அந்த அம்மா மட்டும் எதிர்ப்புறத் திண்ணையில் சுவரைப் பார்க்காமல் தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வரைந்தது இவர்தான் என்பதற்கு என்ன அடையாளம் என்று எதிர்தரப்பு முதலிலேயே கேட்டது. கையெழுத்தைத்தான் மறைத்தாகிவிட்டதே. ஓவியர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பென்சில் படம், அதன்மேல் கட்டங்கள். தாளில் ஒரு அங்குலம் சுவரில் இரண்டு அடி. கமிஷனர் டேப்பைப் பிடித்து அளந்தார். தாளில் இடது கண்ணின் ஓரம் எந்தக் கட்டத்தின் எந்த மூலையில் வெட்டுகிறதோ, சுவரிலும் அங்கேயே வெட்டியது. காதோரம் சாயம் மெலிந்த இடத்தில் நூல் அடித்த நீலக் கோடு இன்னும் தெரிந்தது. கமிஷனர் அதைத் தனியாகப் படமெடுத்தார்.

பிறகு ஓவியர் சொன்னார்: "கையெழுத்த நான் எனாமல்ல போட்டிருக்கேம்மா. அவங்க அடிச்சது டிஸ்டெம்பர். எனாமல் மேல டிஸ்டெம்பர் புடிக்காது. நகத்தால கீறினாப் போதும்."

ஜூனியர் வக்கீல் ஆட்சேபித்தார். கமிஷனர் ஆட்சேபத்தை எழுதிக்கொண்டு, தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் சுரண்டச் சொன்னார். மாணவன் ஒருவன் சுரண்டினான். வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்தது. அடியிலிருந்து கறுப்பில் ஒரு எழுத்து வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வருடம். தெருவில் யாரோ கைதட்டினார்கள். ஓவியர் கைதட்டியவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார்.

கட்டிடத்துக்காரரையும் நான் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தேன். அவருக்கு என்மேல் கோபம், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். கமிஷனர் அவரிடம், என்னவென்று சொல்லிச் சுவரை வாடகைக்கு விட்டீர்கள் என்று கேட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "நான் செவுத்தத்தான் வாடகைக்கு விட்டேன். அந்தம்மாவ விடல," என்றார். அதை அப்படியே பதிவு செய்தார்கள். எங்கள் வழக்கின் மொத்த வாதத்தையும் பிரதிவாதி ஒருவரே சொல்லிவிட்டார்.

அறிக்கை நான்காம் நாள் தாக்கலானது. அடுத்த விசாரணையில், விளம்பரம் முழுவதையும் தார்ப்பாயால் மூடி வைக்க உத்தரவு கிடைத்தது. அதற்குப் பின் வழக்கு வழக்கம்போல் வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. எதிர்தரப்பின் எழுத்துரைக்கு நாங்கள் சொன்ன பதில்களை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்படிச் சிக்கலில் மாட்டும் வேறு ஓவியர்களுக்கு உதவலாம்.

காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி வரைந்த ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17-வது பிரிவு சொல்வது உண்மை. அப்படிப் பார்த்தால் உரிமை மாணவர்களுக்குப் போகும், கம்பி நிறுவனத்துக்கு அல்ல. 57-வது பிரிவின் உரிமையோ யாருக்கும் போகாது. பொது இடத்தில் நிலையாக இருப்பதைப் படமெடுக்கலாம் என்ற விலக்கு 52-வது பிரிவில் இருப்பதும் உண்மை. ஆனால் அந்த வாசகம் சிற்பத்தையும் கைவினைப் படைப்புகளையும் சொல்கிறது. ஓவியம் சட்டத்தில் வேறு உட்பிரிவில் வருகிறது. சுவர் ஓவியத்துக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுக்கிறவர்களை யாரும் தேடிப் போகப் போவதில்லை. அதையே விளம்பரத் தாளாக அச்சடிக்கிறவர் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

மிஞ்சியது மதிப்பு. இதை எப்படி நிரூபிப்பது? சேகலுக்கு உலகம் அறிந்த பெயர் இருந்தது. இவருக்கு? பழைய பேனர்காரர்கள் பதினொரு பேர் வந்து பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தவர். இடது கையால் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் வெவ்வேறு விதத்தில் சொன்னது ஒன்றேதான்: அந்தச் சுவரைப் பார்த்து, இவர் ஒரு கம்பி விளம்பரத்துக்காக அந்த அம்மாவின் முகத்தை விற்றுவிட்டார் என்று நாங்களே நினைத்தோம். மதிப்பு என்பது பரிசும் பட்டமும் அல்ல, உன்னை அறிந்தவர்கள் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என்று அந்தப் பதினொரு தாளை வைத்து வாதிட்டேன். இன்றும் அது சரியான வாதம் என்றே நம்புகிறேன்.

நான்கு வருடம் கழித்து, 2018-ல், நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் தீர்ப்பைச் செய்தியில் படித்தேன். குயின்ஸ் பகுதியில் ஒரு பழைய ஆலைக் கட்டிடம், சுற்றுச் சுவர் முழுக்க ஸ்ப்ரே ஓவியங்கள். 2013-ல் உரிமையாளர் ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார். 45 ஓவியங்களுக்காக 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார் நீதிபதி ஃபிரடெரிக் பிளாக். 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. காட்சிக் கலைஞர்களின் உரிமைக்கென்றே 1990-ல் அமெரிக்கா போட்ட தனிச் சட்டம் அதற்குக் காரணம். அங்கீகாரம் பெற்ற தரமுடைய படைப்பை அழிப்பதையே அது தடுக்கிறது. செய்தியை ஓவியருக்குச் சொன்னேன். "வெள்ளையடிச்சதுக்கேவா?" என்று கேட்டார், நம்ப முடியாமல்.

எங்கள் வழக்கு 2015 கடைசியில் சமரச மையத்துக்குப் போனது. 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய மையம் அது. நீதிமன்றத்தோடு இணைந்ததாக நாட்டிலேயே முதலில் வந்ததும் அதுதான். அந்த அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன். அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் நடந்ததைச் சொல்ல எனக்கு ஓவியர் அனுமதி தந்திருக்கிறார்.

இரண்டாவது அமர்வு நாளில் விளம்பர ஒப்பந்தக்காரர் தன்னோடு ஒரு நாற்பது வயது ஆளை அழைத்து வந்திருந்தார். சுவரில் விளம்பரம் எழுதியவர். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். ஓவியரும் நின்றார். இருவரும் ஒரே பட்டறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர்கள் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். கட்டம் போட இவருக்குக் கற்றுக்கொடுத்ததே ஓவியர்தான்.

"முழுசா வெள்ளையடிக்கத்தாண்ணே சொன்னாங்க," என்றார் அவர். தலையைத் தூக்கவில்லை. "சாரத்துல ஏறிப் பாத்தேன். மொகத்துல அந்த நீலத்தப் பாத்ததும் அண்ணன் கைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு அழிக்க மனசு வரலண்ணே. மொகத்த மட்டும் வுட்டுட்டேன். அதுக்கப்பறம் மேஸ்திரி வந்து பாத்துட்டு, நல்லாருக்கே, கூடைக்குப் பதிலா கம்பியப் போட்டுருன்னாரு. கூலி வேல. போட்டுட்டேன்."

ஓவியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவர் தோளில் கை வைத்து, "அழிச்சிருக்கணும்டா," என்றார். அவ்வளவுதான். அந்த ஆளை வழக்கில் சேர்க்கவோ சாட்சிக்கு இழுக்கவோ கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். வழக்கின் நோக்கில் பார்த்தால் அது எங்களுக்கு மிகவும் உதவக்கூடிய சாட்சி. நான் வற்புறுத்தவில்லை.

சமரச விதிகள் பதிவான தீர்ப்பாணையில் உள்ளவை: ஓவியருக்கு 1,75,000 ரூபாய். அந்த அம்மாவுக்கு 75,000 ரூபாய். மீந்த துண்டுப் பிரசுரங்களை ஒப்படைக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு விளம்பரத்துக்காகப் பணம் எதுவும் தரப்படவில்லை, அவர் சம்மதமும் பெறப்படவில்லை என்று நிறுவனம் தமிழில் ஒரு கடிதம் தர வேண்டும். கடைசி விதியை அவரே கேட்டு வாங்கினார். கடிதத்தை லேமினேட் செய்து சந்தையில் தன் சாக்குக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் பல மாதம் வைத்திருந்தார்.

சுவரில் மறுபடி வரையும் உரிமையை நான் கேட்டுப் பார்த்தேன். கட்டிடத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கட்டிடத்தை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சட்டமும் என் பக்கம் இல்லை.

அதன் பிறகு சென்னையில் சுவர்கள் நிறைய நிறம் பெற்றுவிட்டன. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் எழுந்தன. போய்ப் பார்த்தேன், மனம் நிறைந்தது. ஆனால் சிறிய தெருக்களில் மாணவர்களும் குடியிருப்போர் சங்கங்களும் வரைய வைக்கும் சுவர்களில் இன்றும் ஒரு தாளும் இல்லை. அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஒரே பக்கம் போதும். சுவர் யாருடையது, எத்தனை வருடம் இருக்கும், பிறகு யார் அழிப்பது, அழிக்கும் முன் ஓவியருக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வது, படத்தை யார் எதற்குப் பயன்படுத்தலாம், முகம் யாருடையதோ அவர் சம்மதம் தந்தாரா. கீழே மூன்று கையெழுத்து. சுவரில் ஓவியரின் பெயரை எனாமலில் எழுதுங்கள்.

தீர்ப்பாணைப்படி விளம்பரத்தை நிறுவனமே அகற்ற வேண்டும். அதில் ஓவியர் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: வெள்ளையடிப்பது தானாக இருக்க வேண்டும், கூலியும் சாமானும் அவர்கள் தர வேண்டும். எதிர்தரப்பு வக்கீலுக்கு இது புரியவில்லை. ஆட்சேபிக்கவும் காரணம் இல்லாததால் ஒப்புக்கொண்டார்.

2016 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் தார்ப்பாயை இறக்கினார்கள். சாரத்தில் ஓவியரோடு இன்னொருவரும் ஏறினார். தாழ்வாரத்தில் பார்த்த அந்த சிஷ்யர். கீழே இருந்து ஆரம்பித்தார்கள். நிறுவனத்தின் பெயர் போனது, பிறகு தொலைபேசி எண், பிறகு கம்பிக் கட்டு. முகத்துக்கு வந்ததும் ஓவியர் இறங்கி, எதிர்த் திண்ணையில் இருந்த அம்மாவிடம் வந்து, "அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார். அவர் முதல்முறையாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். ஓவியர் திரும்ப ஏறினார். இரண்டு கை அடித்தார்கள். மதியம் மூன்றரை மணிக்குச் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது.